ஒரு பல் கணக்கு

மொதல்லயே சொல்லிடறேன், இது கிரீஸ் வாசனை அடிக்கிற பதிவு. சமையல் குறிப்பு, சினிமா விமர்சனம்னு நெனச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். ஆனா இதுல ஒரு அத்தை வர்றாங்க, ஒரு மாமா வர்றாரு, எட்டாங்கிளாஸ் லெவல்ல கொஞ்சம் கணக்கு வருது. அதனால காப்பி டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

விஷயம் இதுதான். ஒரு காரோட கேம்ஷாஃப்ட் டைமிங்கை வீட்டு வாசல்லயே, கையில இருக்கிற ஸ்பானரை வெச்சு சரி பண்ண முடியுமா? முடியும். நான் பண்ணினேன். பொழுதுபோக்குக்காக இல்லை. பண்ணியே ஆகணும்ங்கிற நெலமை.

கார் மாருதி 800. இந்தக் காரைப் பத்தி நம்ம ஊர்ல யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 1983 டிசம்பர்ல முதல் வண்டியோட சாவியை இந்திரா காந்தி கையால கொடுத்தாங்க. 2014 ஜனவரியோட தயாரிப்பை நிறுத்திட்டாங்க. நடுவுல இருந்த முப்பது வருஷத்துல, ஸ்கூட்டர் வெச்சிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் மொதக் கார். 796 சிசி, மூணு சிலிண்டர். பானெட்டைத் தெறந்தா என்ஜினைச் சுத்தி கை விட்டு வேலை பார்க்க எடம் இருக்கும். இப்ப வர்ற வண்டிங்கள்ல பானெட்டைத் தெறந்தா ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும், அவ்வளவுதான்.

திருச்சியில இருக்கிற எங்க அத்தையோட வண்டி 1997 மாடல். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், நாலு கியர். அத்தை கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல கார் ஓட்டப் பழகினாங்க. பழகினது இந்த ஒரு வண்டியில. இதைத் தவிர வேற எதையும் ஓட்டினது இல்லை, ஓட்டப் போறதும் இல்லைன்னு தெளிவா சொல்லிட்டாங்க. மாமா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்தவரு. நீலகிரி மலை ரயிலுக்கு இந்தக் காலத்துலயும் புதுசா நீராவி என்ஜின் கட்டிக் கொடுத்த எடம் அது. அங்க வேலை பார்த்தவருக்கு இரும்பைப் பத்தி நாம பாடம் எடுக்க முடியாது.

மாமாவுக்கு ரெண்டு வருஷமா டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலையில ஆறு மணி ஷிஃப்ட், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். முடிச்சுட்டு வரும்போது சில நாள் பிரஷர் எறங்கிடும். தலை சுத்தும். முன் சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்கிட்டு, ஏத்தமா எறக்கமான்னு பார்த்துப் பார்த்து அத்தை ஓட்டுவாங்க. ஊசி குத்துற இடது கையில அடிபடக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. ஆட்டோவுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வர்றது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆக, அந்த வீட்டுக்கு அந்தக் கார் அவ்வளவு முக்கியம்.

அந்தக் கார்தான் மக்கர் பண்ண ஆரம்பிச்சது.

மூணு மாசம் முன்னாடி ஒரு ஷெட்டுல (பேரு வேண்டாம்) டைமிங் பெல்ட் மாத்தியிருக்காங்க. அதுலேர்ந்து வண்டியில புல்லிங் இல்லை. "மேம்பாலம் ஏறும்போது ரெண்டாம் கியருக்கு வந்துடறேன்டா, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்"னு அத்தை போன்ல சொன்னாங்க. திரும்ப அதே ஷெட்டுக்குப் போனா, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பார்த்திருக்காங்க, கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்திருக்காங்க. கடைசியில கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணிட்டு, "என்ஜின் முடிஞ்சுதும்மா. எறக்கி போர் பண்ணி ரிங் மாத்தணும். முப்பத்தெட்டாயிரம் ஆகும். இல்லேன்னா பதினஞ்சுக்குக் கொடுத்துடுங்க, ஆள் இருக்கு"ன்னு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துட்டாங்க.

நான் சென்னையில இருக்கேன். வேலை இன்சூரன்ஸ் ஆபீஸ்ல. ஸ்பானர் பிடிக்கிறது ஞாயித்துக்கிழமை வியாதி. புதுப்பேட்டையில ஒரு மெக்கானிக் அண்ணன் கடையில ஸ்டூல் போட்டு உக்காந்து கத்துக்கிட்டதுதான் எல்லாம். அதனால எஸ்டிமேட்டைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். மாமாவே போனை வாங்கிப் படிச்சாரு.

"மொத சிலிண்டர் 130, ரெண்டாவது 130, மூணாவது 128."

படிச்சுட்டு ஒரு செகண்ட் நிறுத்தினாரு.

"ஏன் மாப்ள, மூணு சிலிண்டரும் பேசி வெச்ச மாதிரி ஒரே அளவா தேயுமா?"

இந்தப் பதிவுல நீங்க எடுத்துட்டுப் போக வேண்டிய கேள்வியே அதுதான். தேயாதுங்க. ரிங்கு தேய்ஞ்ச என்ஜின்ல ஒரு சிலிண்டர் 130 காட்டும், இன்னொண்ணு 145 காட்டும், மூணாவது 110-க்கு வந்து நிக்கும். மூணும் ஒத்துமையா கொறையுதுன்னா, மூணுக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு சரியில்லைன்னு அர்த்தம். மூணுக்கும் பொதுவா இருக்கிறது கேம்ஷாஃப்ட். அதை ஓட்டறது டைமிங் பெல்ட். அந்த பெல்ட்டைத்தான் மூணு மாசம் முன்னாடி கழட்டி மாட்டியிருக்காங்க.

இங்க கொஞ்சம் பாடம். தெரிஞ்சவங்க ரெண்டு பாரா தாண்டிக்கலாம்.

நம்ம பெட்ரோல் என்ஜின் நாலு வேலை செய்யுது. காத்தையும் பெட்ரோலையும் உள்ள இழுக்கும், அமுக்கும், வெடிக்கும், புகையை வெளிய தள்ளும். இந்த நாலும் முடிய க்ராங்க் ரெண்டு சுத்து சுத்தணும், அதாவது 720 டிகிரி. வால்வுங்க அந்த 720 டிகிரியில ஒரு தடவை தெறந்து மூடினாப் போதும். அதனால வால்வைத் தெறக்கிற கேம்ஷாஃப்ட் ஒரு சுத்துதான் சுத்தும். க்ராங்க் ரெண்டு, கேம் ஒண்ணு. இதுக்காகவே கேம் புல்லியில இருக்கிற பல்லு, க்ராங்க் புல்லியில இருக்கிறதைப் போல சரியா ரெண்டு மடங்கு இருக்கும். ரெண்டையும் ஒரு பல்லு வெச்ச ரப்பர் பெல்ட் கட்டிப் போட்டிருக்கு. பழைய அம்பாசடர்ல எல்லாம் கேம் கீழ பிளாக்குக்குள்ள இருக்கும், செயின்தான். ரப்பர் பெல்ட்டை வெளிய மாட்டி, பெரிய அளவுல தயாரிச்ச மொத கார் 1962-ல வந்த ஜெர்மனியோட கிளாஸ் 1004. விலை கம்மி, சத்தம் கம்மின்னு அப்புறம் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க.

கச்சேரின்னு வெச்சுக்குங்களேன். க்ராங்க் நாதஸ்வரம், கேம் தவில். தவில்காரர் ஒரு அட்சரம் தள்ளி வாசிச்சா கச்சேரி நிக்காது. நடக்கும். ஆனா கேக்க முடியாது. அத்தை வண்டி அப்படித்தான் மூணு மாசமா நடந்துக்கிட்டு இருந்திருக்கு.

ஒரு பல்லு தள்ளிப் போனா என்ன ஆகும்? கணக்குக்காக கேம் புல்லியில 40 பல்லுன்னு வெச்சுக்குவோம். 360-ஐ 40-ஆல வகுத்தா 9. கேம் 9 டிகிரி பின்தங்கும். க்ராங்க் கணக்குல அது 18 டிகிரி. இன்டேக் வால்வு மூட வேண்டிய நேரத்துக்கு மூடாம 18 டிகிரி லேட்டா மூடும். அதுக்குள்ள பிஸ்டன் மேல கெளம்பிடும். இழுத்த காத்துல ஒரு பங்கைத் திரும்ப வந்த வழியே வெளிய தள்ளிடும். மிச்சத்தைத்தான் அமுக்கும். கம்ப்ரஷன் கொறையும், மூணு சிலிண்டர்லயும் ஒரே மாதிரி. இழுவை போயிடும், அதுவும் முக்கியமா மெதுவா போகும்போது, மேடு ஏறும்போது.

சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு. வெள்ளி மத்தியானத்துலேர்ந்து திங்கள் காலை ஆறு மணிக்குள்ள முடிக்கணும். வியாழன் சாயங்காலம் ஜி.பி.ரோட்டுக்குப் போய் ஒரு பெல்ட், ஒரு டென்ஷனர், ரெண்டு ஆயில் சீல் வாங்கினேன். வெள்ளி ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். ஸ்பானர் பையைப் பார்த்து எதிர் பெர்த் பெரியவர் "பிளம்பரா தம்பி?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னுட்டுப் படுத்துட்டேன்.

சனிக்கிழமை காலையில மொத வேலையா சந்தேகத்தைத் தீர்த்துக்கிட்டோம். பெல்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடறது நல்லது. மூணு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, திரும்ப கம்ப்ரஷன் டெஸ்ட். ரிங்கு தேய்ஞ்சிருந்தா அந்த ஆயில் இடுக்கை அடைச்சு அளவு கடகடன்னு ஏறும். எங்களுக்கு ஏறலை. 130 இருந்தது 134 ஆச்சு, அவ்வளவுதான். ரிங்கு நல்லாதான் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு.

மாமா பிளாஸ்டிக் சேரை வாசலுக்குப் போட்டு உக்காந்துட்டாரு. அவருக்குத் தண்ணி அளவு. நாள் முழுக்க இவ்வளவுதான்னு கணக்கு. தாகம் எடுத்தா ஒரு ஐஸ் கட்டியை வாயில போட்டுக்குவாரு. அன்னிக்கு அவரோட பேச்செல்லாம் ஐஸ் கட்டிக்கு நடுவுலதான்.

வேலையை ஆரம்பிச்சோம். பேட்டரி நெகட்டிவ் கழட்டியாச்சு. பின் சக்கரம் ரெண்டுக்கும் கல்லு. பெல்ட் இருக்கிற பக்கம் முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வெச்சு, அப்புறம்தான் சக்கரத்தைக் கழட்டினேன். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்குள்ள கை விடாதீங்க, புண்ணியமாப் போகும்.

ஃபேன் பெல்ட்டை லூஸ் பண்ணி எடுத்தாச்சு. அடுத்தது க்ராங்க் புல்லி போல்ட். இது சும்மா வராது. வண்டியை நாலாம் கியர்ல போட்டு, அத்தையை உள்ள உக்கார வெச்சு பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஸ்பானருக்கு பழைய அடிபம்பு பைப்பைச் சொருகித் தொங்கினேன். ம்ஹூம். மாமா ஐஸ் கட்டியை ஒதுக்கிட்டு, "இழுக்காத மாப்ள. தட்டு. இரும்பு இழுத்தா மொறைக்கும், தட்டினா கேக்கும்"னாரு. பைப் முனையில சுத்தியால படக்னு ரெண்டு தட்டு. வந்துடுச்சு. பொன்மலைன்னா சும்மாவா!

புல்லியை எடுத்து, டைமிங் கவரைக் கழட்டினா, பெல்ட் தெரிஞ்சுது. மூணு மாசப் பெல்ட், புதுசு மாதிரியே இருந்தது. பெல்ட் மேல குத்தமே இல்லை.

அப்புறம் க்ராங்க் போல்ட்டை மட்டும் திரும்ப மாட்டி, கியரை நியூட்ரல் பண்ணி, ஸ்பானரால கடிகார முள் சுத்துற பக்கமா மெதுவா சுத்தினேன். பிளக் மூணும் வெளிய இருக்கிறதால லேசா சுத்தும். எப்பவும் என்ஜின் சுத்துற திசையிலதான் சுத்தணும். தாண்டிட்டா பின்னாடி திருப்பக் கூடாது, இன்னும் ரெண்டு சுத்து சுத்தித் திரும்ப வரணும்.

பார்க்க வேண்டிய குறி ரெண்டு ஜோடி. கீழ க்ராங்க் பல் சக்கரத்துல ஒரு சின்னக் குத்துப் புள்ளி, அதுக்கு எதிர்ல ஆயில் பம்ப் உடம்புல ஒரு அம்புக்குறி. மேல கேம் புல்லியில ஒரு குறி, அதுக்கு நேரா மேல நிலையா ஒரு குறி. கீழ ஜோடி சேர்ற நேரத்துல மேல ஜோடியும் சேரணும். அழுக்குல எதுவும் தெரியலை. பெட்ரோல் நனைச்ச துணியால துடைச்சதும் தெரிஞ்சுது. அத்தை உள்ள போய் பேப்பர் திருத்தற காலத்து ஒயிட்னர் பாட்டில் ஒண்ணைத் தேடி எடுத்துட்டு வந்தாங்க. நாலு குறியிலயும் ஒரு பொட்டு.

கீழ புள்ளியும் அம்பும் நேரா நிக்குது. மேல கேம் புல்லியோட பொட்டு, நிலைக்குறிக்கு இடது பக்கமா நிக்குது. அத்தை கண்ணாடியை எறக்கிப் பார்த்து, விரலால எண்ணினாங்க.

"ஒண்ணு. ஒரே ஒரு பல்லு பின்னாடி இருக்குடா."

ஒரு பல்லு. அதுக்கு முப்பத்தெட்டாயிரம் எஸ்டிமேட்.

இது எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன். ஏன்னா பெல்ட் மாத்தற எடத்துல அடிக்கடி நடக்கிறது இது. வால்வு ஸ்பிரிங் எல்லாம் கேம்ஷாஃப்டை அமுக்கிக்கிட்டே இருக்கும். பெல்ட்டைக் கழட்டினதும் கேம் தானா ஒரு பக்கம் உருளப் பார்க்கும். அதைப் பிடிச்சு நேராக்கி பெல்ட்டை மாட்டும்போது, டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் விறைப்பா இருக்கணும். தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம்தான் இருக்கணும். கொடிக்கயிறு கட்டும்போது ஒரு முனையை மொதல்ல இறுக்கிக் கட்டிட்டு அடுத்த முனையில இழுத்து விறைப்பாக்குவோம் பாருங்க, அந்தக் கதைதான். விறைப்பா இருக்க வேண்டிய பக்கம் கொஞ்சம் தொய்வா இருந்தா, மாட்டும்போது குறி ரெண்டும் நேராதான் தெரியும். டென்ஷனரை விட்டதும் தொய்வை இழுத்துக்கும், புல்லி ஒரு பல்லு நகர்ந்துடும். மாட்டினப்புறம் கையால ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தா இது தெரிஞ்சிருக்கும். கடை மூடற நேரமோ என்னமோ, சுத்திப் பார்க்காம மூடியிருக்காங்க.

ஆனா மூணு மாசமா ஏன் யாருக்கும் பிடிபடலை? மாமா கையைக் காட்டினாரு. டிஸ்ட்ரிபியூட்டர். இந்த என்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டரையும் கேம்ஷாஃப்ட்தான் சுத்துது. கேம் லேட்டானா ஸ்பார்க்கும் அதே அளவு லேட்டாகும். டைமிங் லைட் வெச்சுப் பார்த்த ஷெட்காரர், ஸ்பார்க் லேட்டா இருக்கேன்னு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரி பண்ணிட்டாரு. ஐடிலிங் அழகாயிடுச்சு. ஸ்டார்ட் ஆகுது, நிக்குது, எல்லாம் சரி. ஸ்பார்க் சரியான நேரத்துல வருது, வால்வு மட்டும் தப்பான நேரத்துல தெறக்குது. ஒரு தப்பு மேல ஒரு சரியைப் பூசி மூடியாச்சு. அதுக்கப்புறம் புல்லிங் இல்லேன்னா என்ஜின் தேய்ஞ்சு போச்சுன்னுதானே தோணும்?

டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைச் சுத்தி வருஷக்கணக்கா படிஞ்ச அழுக்குல, பழைய வாஷர் இருந்த எடம் பிறை நிலா மாதிரி பளிச்சுனு தெரிஞ்சுது. இப்ப வாஷர் அதை விட்டு ரொம்ப தூரம் தள்ளி நிக்குது. "அதான் சாட்சி"ன்னாரு மாமா. அப்புறம் ஸ்டீம் என்ஜின் கதை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துல, வால்வு செட்டிங் முடிச்ச என்ஜினை ஓட விட்டு பெரியவங்க கண்ணை மூடிக் கேப்பாங்களாம். சக்கரம் ஒரு சுத்துக்கு புகைபோக்கியில நாலு அடி விழும். நாலும் ஒரே எடையா விழுந்தா சரி. ஒண்ணு நொண்டினாலும் திரும்ப ஷெட்டுக்கு உள்ள. "எங்களுக்கு அது காட்டிக் கொடுத்துடும். இதுல பாரு, சமாளிச்சு ஓடுது. சமாளிச்சு ஓடறதுதான் மாப்ள ஆபத்து. எங்கிட்டயும் அப்படித்தான் நடந்துச்சு. கால் வீங்கும், வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

அத்தை உள்ள எழுந்து போய் காப்பி போட்டு எடுத்துட்டு வந்தாங்க. எனக்கும் அவங்களுக்கும் மட்டும்.

சரி, வேலை. டென்ஷனர் போல்ட்டை லூஸ் பண்ணித் தள்ளி வெச்சு, பெல்ட்டை எடுத்தேன். கேம் புல்லியை ஒரே ஒரு பல்லு அளவு முன்னாடி நகர்த்தி, பொட்டும் பொட்டும் சேர்த்தாச்சு. பெல்ட் இல்லாத நேரத்துல கேமையோ க்ராங்கையோ இஷ்டத்துக்குச் சுத்தக் கூடாது. நெறைய என்ஜின்ல பிஸ்டன் மேல வர்ற எடமும் வால்வு கீழ எறங்கற எடமும் ஒண்ணு. மோதினா வால்வு வளைஞ்சுடும். கையில எங்கயாவது கெட்டியா இடிச்சா, அழுத்தாம அங்கயே நிறுத்துங்க.

ரெண்டு ஆயில் சீலும் காய்ஞ்சு சுத்தமா இருந்தது, லீக் இல்லை. அதைத் தொடலை. புது டென்ஷனர், புது பெல்ட். பழைய பெல்ட் நல்லா இருந்ததால சுத்துற திசையை அம்புக்குறி போட்டு டிக்கியில வெச்சாச்சு. பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது, ஆயில் படவும் கூடாது. மொதல்ல க்ராங்க் பல்லுல மாட்டி, விறைப்பான பக்கத்தை மேல கொண்டுபோய் கேம் புல்லியில மாட்டி, கடைசியா டென்ஷனர் பக்கம். டென்ஷனரை விட்டதும் அதோட ஸ்பிரிங் தொய்வை எல்லாம் எடுத்துக்கிச்சு. பொட்டு ரெண்டும் நேரா.

இப்ப சுத்திப் பார்க்கணும். அத்தை டார்ச் அடிச்சுக்கிட்டு மேல பொட்டையே பார்க்கறாங்க. நான் கீழ ஸ்பானரைச் சுத்தறேன். ஒரு முழுச் சுத்து முடிஞ்சு கீழ புள்ளி அம்புக்கு வந்து நின்னதும், மேலேர்ந்து ஒரு சத்தம்.

"டேய், போச்சுடா! மேல பொட்டையே காணோம்!"

எட்டிப் பார்த்தா, கேம் பொட்டு நேர் கீழ தலைகீழா நிக்குது. நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள அத்தையே தலையில தட்டிக்கிட்டாங்க. "அட, பாதி சுத்துதானே போயிருக்கும்! ரெண்டுக்கு ஒண்ணு. முப்பத்திரண்டு வருஷம் விகிதம் நடத்தினவ நான்." சேர்லேர்ந்து மாமா சிரிச்ச சிரிப்புல வாயிலேர்ந்து ஐஸ் கட்டி கீழ விழுந்துடுச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த மாதிரி சிரிக்கிறாருன்னு அத்தை அப்புறமா சொன்னாங்க.

ரெண்டாவது சுத்து. கீழ நேர், மேல நேர். டென்ஷனரை இறுக்கினேன். அத்தை விடலை, "இன்னொரு ரெண்டு சுத்து". சுத்தினேன். நேர். "இன்னொரு ரெண்டு." மூணு தடவை சரி பார்த்தாதான் அவங்களுக்கு மார்க் போடவே கை வரும்.

மூடறதுக்கு முன்னாடி திரும்ப கம்ப்ரஷன் பார்த்தோம். 155, 155, 152. என்ஜினை எறக்கலை, போர் பண்ணலை, ரிங்கு வாங்கலை. ஒரு பல்லு.

ஞாயித்துக்கிழமை காலையில எல்லாம் மாட்டி முடிச்சு, சாவியைப் போடப் போனப்ப மாமா தடுத்தாரு. "டிஸ்ட்ரிபியூட்டரை மறந்துட்டியா?" மறக்கலை, கடைசி வேலையா வெச்சிருந்தேன். ஆனா அவர் சொன்னது ரொம்ப நியாயம். கேமை முன்னாடி கொண்டு வந்ததால ஸ்பார்க்கும் அதே 18 டிகிரி சொச்சம் முன்னாடி வந்திருக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா என்ஜின் டக்டக்னு தட்டும், கெட்ட காலமா இருந்தா பிஸ்டனே போகும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, அந்தப் பிறை நிலா அழுக்குல வாஷரைக் கொண்டுபோய் உக்கார வெச்சோம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மொத சிலிண்டர் ஒயர்ல டைமிங் லைட்டை மாட்டிப் பார்த்தா, புத்தகத்துல இருக்கிற டிகிரிக்கு ஒரு மயிரிழைதான் வித்தியாசம். 1997-ல கம்பெனியில வெச்ச எடத்தை அழுக்கு ஞாபகம் வெச்சிருந்திருக்கு!

திங்கள் காலையில அஞ்சே முக்காலுக்கு அத்தைதான் ஓட்டினாங்க. நான் பின் சீட்டு. மேம்பாலம் வந்தது. அத்தை மூணாம் கியர்ல இருந்தாங்க. கை பழக்கத்துல ரெண்டாம் கியருக்குப் போச்சு, அப்படியே நின்னுச்சு, திரும்ப ஸ்டியரிங்குக்கு வந்துடுச்சு. வண்டி மூணுலயே ஏறிடுச்சு. யாரும் எதுவும் பேசலை. மாமா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். "சத்தம் ஒரே சீரா இருக்கு"ன்னாரு.

செலவுக் கணக்கு கேக்கறவங்களுக்கு: பெல்ட், டென்ஷனர், சீல் எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துக்குள்ள. ரயில் டிக்கெட் தனி. :-)

ஷெட்காரர்கிட்ட போய்ச் சண்டை போடலையான்னு தம்பி கேட்டான். அத்தை போனாங்க. சண்டைக்கு இல்லை. எஸ்டிமேட் தாளைக் கொடுத்து, "மூணும் ஒரே அளவா கொறைஞ்சா கேமைப் பாருங்க தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தாங்களாம். அவர் ஒண்ணும் சொல்லலையாம், தாளை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாராம். கத்துக்குவாருன்னு நம்புவோம்.

வீட்டுல இதைச் செய்யணும்னு ஆசைப்படறவங்களுக்கு என்னோட சுருக்கம்: உங்க வண்டிக்கான சர்வீஸ் புத்தகம் இல்லாம தொடாதீங்க, குறி ஒவ்வொரு என்ஜினுக்கும் மாறும், சில புல்லியில ஒண்ணுக்கு மேலயும் இருக்கும். கேம் ரெண்டு இருக்கிற புது என்ஜின்ல கையை வைக்காதீங்க, அதுக்குப் பூட்டற கருவியெல்லாம் தனியா வேணும். பெல்ட் மாத்தின பிறகு இழுவை கொறைஞ்சா, என்ஜின் போச்சுன்னு யார் சொன்னாலும் ஒரு தடவை கவரைத் தெறந்து குறியைப் பார்க்கச் சொல்லுங்க. மாட்டினப்புறம் கையால ரெண்டு சுத்து. இது மட்டும் மறக்கவே கூடாது.

கவரை மூடறதுக்கு முன்னாடி அத்தை ஒரு காரியம் பண்ணினாங்க, சொல்ல விட்டுட்டேன். அந்த ஒயிட்னரை எடுத்து, கவரோட உள்பக்கம் தேதி, ஓடின கி.மீ., அதுக்குக் கீழ "குறி சரிபார்த்தது: மூன்று முறை"ன்னு நல்ல தமிழ்ல எழுதிட்டாங்க. அடுத்த தடவை இதைத் தெறக்கப் போறவன் யாரோ, அவனுக்காம். மாமா எட்டிப் பார்த்துட்டு, "கையெழுத்து போடலையா டீச்சர்?"னு கேட்டாரு. அதையும் போட்டாங்க.

அடுத்த பதிவு வால்வு கிளியரன்ஸ். ஓடிடாதீங்க மக்களே.